வத்சலா போட்ட இனிஷியல்

வத்சலாவுக்கு வயது அறுபத்திரண்டு. வங்கியில் முப்பத்துநாலு வருஷம் அதிகாரி. அவள் இனிஷியல் போடாமல் அந்தக் கிளையில் ஒரு காகிதம் நகர்ந்ததில்லை. ஆனால் லேக் கார்டன்ஸ் ஃப்ளாட்டில் ஒரு சுவருக்குக்கூட அவளை யாரும் நிறம் கேட்டதில்லை. முதலில் மாமியார் இஷ்டப்படி மஞ்சள், பிறகு கணவர் மஹாதேவன் இஷ்டப்படி பிஸ்தாப் பச்சை. அந்தப் பச்சைக்குள் இருபது வருஷம் குடித்தனம் நடத்துவது என்ன லேசா?

இந்தத் தடவை, அவள் உட்கார்ந்து படிக்கிற வடக்கு அறைக்கு மட்டும் நிறம் அவள் பொறுப்பு என்று முடிவாயிற்று. க்ரே வேண்டும் என்றாள். பெயிண்டர் நிர்மல் சுவரில் இரண்டு க்ரே பூசிக் காட்டினான். இடது பக்கம் லேசாகப் பழுப்பு கலந்தது, விபூதி மாதிரி. வலது பக்கத்தில் நீலம் ஓடியது. எட்டு நாள் அதையே பார்த்தாள். காலையில், மத்தியானம், டியூப்லைட்டில். வெயில் எட்டாத அறை. மழை பிடித்துக்கொண்ட அன்று, வலது பக்கத்தைப் பார்த்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. இடது பக்கம் அப்போதும் கதகதப்பாக இருந்தது. அதன்மேல் பென்சிலால் டிக் அடித்து, இனிஷியலும் தேதியும் போட்டாள்.

மறுநாள் லேக் மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினால், சுவர் முழுக்க நீல க்ரே. டிக், இனிஷியல், தேதி எல்லாம் அதற்கடியில் போய்விட்டன.

நிர்மல் வங்காளியில் இழுத்தான். "மேஷோமஷாய்தான் இதைச் சொன்னார், மாசிமா. எதுக்கும் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு..." மேஷோமஷாய் என்றால் மஹாதேவன்.

ஹாலில் மஹாதேவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டும் க்ரேதானே, வத்சலா? எனக்கு வித்தியாசமே தெரியலையே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வித்தியாசம் தெரியாதவரை அவன் ஏன் கேக்கணும்? தெரியாத நீங்க ஏன் பதில் சொல்லணும்? எட்டு நாளா அந்த ரூம்ல நான் வேடிக்கையா பாத்துண்டிருந்தேன்?"

"காஞ்சா எல்லாம் சரியாயிடும்."

என்ன அக்கிரமம் இது! கேட்டவனுக்கும் கூச்சமில்லை, சொன்னவருக்கும் கூச்சமில்லை. வத்சலா அறைக்குள் போய், மாதிரிக்கு வாங்கிய விபூதி க்ரே டப்பாவைத் திறந்து பிரஷை முக்கினாள். காயாத நீலத்தின்மேல் இந்த முறை இனிஷியல் இல்லை, முழுக் கையெழுத்து. ஜன்னலில் ஆரம்பித்துக் கதவில் வந்து முடிந்தது.

"இதை மறைக்கணும்னா இந்த டப்பா கலராலதான் மறைக்கணும்," என்று நிர்மலிடம் வங்காளியில் சொன்னாள்.

சத்தம் கேட்டு மஹாதேவன் பேப்பரும் கையுமாக வந்து வாசற்படியில் நின்றார். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.