மணலில் அம்மா வைத்த ஊர்

பம்புசெட் கம்பெனியில் வேலை பார்த்த சித்தப்பா, பீளமேட்டில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தபோது எனக்குப் பத்து வயது. அதில் ஒரு விளையாட்டு. வெற்று நிலத்தில் ஊர்களை அமைத்துப் பெரிய ராஜ்ஜியமாக வளர்க்க வேண்டும். எங்கே அமைப்பது என்பதில்தான் சூட்சுமம். ஆறு வேண்டும், கோதுமை விளைய வேண்டும், பக்கத்து மலையில் இரும்பு கிடைத்தால் யோகம். ஒருமுறை வைத்த ஊரை நகர்த்த முடியாது. ஒரே மாதத்தில் நான் சித்தப்பாவுக்கே யோசனை சொல்லுமளவுக்குத் தேறி, தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஒருநாள், வேடிக்கை பார்த்த அம்மாவிடம் இரண்டாவது ஊரை வைக்கச் சொன்னேன். ஆற்றங்கரை முழுக்கக் காலியாகக் கிடந்தது. அம்மாவோ முதல் ஊரை ஒட்டி, ஒன்றும் விளையாத மணலில் கொண்டுபோய் வைத்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"பக்கத்துல இருந்தாத்தான கண்ணு ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஓடியார முடியும்?" என்றாள்.

அப்போது அப்பா வீடு கட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடம் பீளமேட்டிலேயே, அம்மாவின் அக்காவான பெரியம்மா வீட்டுக்கு அடுத்த வீதி. இன்னொன்று ஊருக்கு மேற்கே, தோட்டங்களுக்கு நடுவில். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து இரண்டிலும் நடந்தார். பீளமேட்டில் தேங்காய் அசையவேயில்லை. மேற்கே நாலு எட்டு வைத்ததும் விருட்டென்று எழுந்து நின்றது. அடியில் தண்ணீர் இருப்பது தேங்காய்க்கு எப்படித் தெரியும் என்று அவரைத் துளைத்தெடுத்துவிட்டேன்.

எதை வாங்கலாம் என்று அப்பா கேட்டதற்கு, அவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அம்மா வேறு பக்கம் பார்த்தாள். அப்பா விளையாட்டாக என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு அம்மணி."

"தண்ணி இருக்கற எடத்துலதானுங்கப்பா ஊரு வெக்கோணும்."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மேற்கு இடத்தையே வாங்கினார்.

புது வீட்டு போர்வெல் தண்ணீர் கற்கண்டாக இனித்தது. பெரியம்மா வீட்டின் உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று, சனிக்கிழமைதோறும் அம்மா ஒரு கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போவாள். ஒருமுறை நானும் போனேன். பெரியம்மாவின் சமையலறை மூலையில் போன வாரத்துக் கேன் மூடிகூடத் திறக்காமல் இருந்தது. அம்மாவும் அதைப் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமையும் ஒரு கேன் நிரப்பினாள்.

எந்த ஆற்றங்கரையில் எந்த ஊர் செழிக்கும் என்று தெரிந்த எனக்கு, அது ஏன் என்று தெரியவில்லை.