சீல் உடையாத பெட்டி

அப்பலராஜுவுக்கு நான் தரவேண்டியிருந்தது பதினான்காயிரத்து ஐந்நூறு ரூபாய். அந்தக் கணக்கு எப்படி நிஜமோ, இனி எழுதப்போவதும் அப்படியே நிஜம். பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப்போகிறது? செத்தது என் அம்மா பைடம்மா.

குழாயடியில் வழுக்கி விழுந்தாள். இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது. எங்கள் சாலூர்ப் பக்கம் எலும்பு முறிந்தால் முதலில் கட்டுக்காரரிடம்தான் போவோம். நானும் போனேன். முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கை முறிந்தால் அதில் கூடிவிடும். இடுப்பு எலும்பு அப்படிச் சேராது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு நாள் போய்விட்டது.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் கத்தினார். "விழுந்த மறுநாளே கூட்டி வந்திருந்தா இந்நேரம் நிக்க வெச்சிருப்போம்யா. வயசானவங்க படுத்தே கிடந்தா உயிருக்கே ஆபத்து." தொடை எலும்புக்குள் ராடு வைத்துத் திருகாணி முடுக்கவேண்டுமாம். அதுவரை காலை இழுத்துப் பிடிக்கக் கயிறு கட்டி, கட்டில் முனையில் இரண்டு செங்கல் தொங்கவிட்டார்கள்.

ராடு வெளியில் வாங்கவேண்டும். கடைக்காரர் அப்பலராஜு ஐயாயிரம் வாங்கிக்கொண்டு மீதியைக் கடனாக விட்டார். சீல் வைத்த பெட்டியை அம்மாவின் தலைமாட்டில் வைத்தார்.

"காலையில ஆபரேஷனுக்குப் போகும்போது குடு சிம்மாத்ரி. அதுவரைக்கும் பிரிக்காதே."

அம்மா பெட்டியைத் தடவிப் பார்த்தாள். "ஒரு இரும்புக்கா இவ்வளவு? மூட்டை தூக்கித் தூக்கி உன் மூளை தோளுக்கு இறங்கிடுச்சுடா."

"நீ நடக்க வேணாமா?"

"நடக்கணும்டா. யார் தோள்லயும் தொங்காம வீட்டுக்குப் போகணும்."

இரவு பன்னிரண்டு ஐம்பதுக்குத் தண்ணீர் கேட்டாள். ஆபரேஷனுக்கு முன் ஒரு சொட்டுகூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் கொடுக்கவில்லை. கெஞ்சினாள். கொடுக்கவில்லை. கட்டிலடியில் படுத்துக் கண் அசந்துவிட்டேன்.

டொக்...

மணி இரண்டு இருபது. செங்கல் கட்டிலில் இடிக்கும் சத்தம்.

டொக்... டொக்...

நின்றது. எழுந்து பார்த்தேன். செங்கல் இரண்டும் தரையில் கிடந்தன. கட்டில் காலி.

வராந்தாவில் காலடிச் சத்தம். நொண்டல் இல்லை.

தண்ணீர்ப் பானையருகில் அம்மா. இரண்டு பாதமும் நேராக.

"அம்மா... எப்படி நடக்கறே?"

"வலியே இல்லடா."

டம்ளர் டம்ளராகக் குடித்தாள்.

"கட்டுக்காரன்கிட்ட நான்தானேம்மா..."

"விடுரா. நீ தூங்கு. நான் வீட்டுக்குப் போறேன்."

தலையில் கை பட்டது.

ஜில்...

மூன்று நாற்பதுக்கு நர்ஸ் என்னை உலுக்கினாள். அம்மா கட்டிலில்தான் இருந்தாள். செங்கல் தொங்கிக்கொண்டிருந்தது. பாதம் திரும்பியே கிடந்தது.

"போயிட்டாங்கண்ணா. ரெண்டு மணி நேரத்துக்கு மேலயே ஆயிருக்கும்."

காலையில் அப்பலராஜு பெட்டியைத் திரும்ப எடுக்க வந்தார். சீல் அப்படியே இருந்தது. கையில் தூக்கியதும் அவர் முகம் மாறியது. அங்கேயே பிரித்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"என் கையாலதானேய்யா உள்ள வெச்சேன்..."

மூன்றாம் நாள் எலும்பு பொறுக்கச் சுடுகாட்டுக்குப் போனேன். சாம்பலைக் கிளறினேன். இடது தொடை இருந்த இடத்தில் ராடு. திருகாணியெல்லாம் முடுக்கியபடி.

அப்பலராஜு அதில் பொறித்திருந்த எண்ணையும் பில்லில் இருந்த எண்ணையும் நாலு தடவை ஒத்துப் பார்த்தார். ஒரே எண். பில்லைக் கிழிக்கப் போனார்.

"பணம் வேணாம் சிம்மாத்ரி."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "எங்கம்மா நடந்தாளே ஐயா. வாங்கிக்கோங்க."

ஒன்பது மாதம் மூட்டை தூக்கினேன். சங்கராந்திக்கு முந்தின நாள் கடைசி ஐந்நூறையும் கொடுத்துத் தீர்த்தேன்.