அங்கே இல்லாதவருக்காகப் பேசியவர்

நோர்டால் ஊரில் யார் யாரைக் குறை சொன்னாலும், குறைசொல்லப்பட்டவர் அந்த இடத்தில் இல்லையென்றால், அவர் பங்குக்கு ஓர்லின் ஸ்கார் பேசிவிடுவார். வேண்டுமென்று செய்வதில்லை. தும்மல் மாதிரி அது அவருக்குத் தானாக வரும். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு மதுக்கடையில் கூட்டம் கூடியிருக்கும். பாதிரியாரின் பிரசங்கம் நீண்டுகொண்டே போகிறது என்று ஒருவர் ஆரம்பிப்பார். ஓர்லின் பீர்க் கோப்பையைக் கீழே வைத்து, பாதிரியார் மாதிரியே ஒருமுறை செருமிக்கொண்டு, "நான் சீக்கிரம் முடிச்சா மட்டும் நீங்க வீட்டுக்குப் போய் என்னத்தக் கிழிக்கப் போறீங்க?" என்பார். கடையே சிரிக்கும். அதே பாதிரியார் வந்து உட்கார்ந்து மாட்டுப்பண்ணைக்காரரைக் குறை சொன்னால், ஓர்லின் உடனே மாட்டுப்பண்ணைக்காரராகிவிடுவார்.

"சரி, நீ என்னப்பா நினைக்கிற?" என்று கேட்டால்தான் சிக்கல். "அப்படியும் சொல்லலாம்," என்பார். பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் அந்த மெக்கானிக், ஐம்பத்தாறு வயதுவரை சொந்தமாக வைத்திருந்த கருத்து ஒன்றே ஒன்றுதான். அது பாலத்தைப் பற்றியது.

ஓர்லினின் வீட்டுச் சரிவுக்குக் கீழே ஒயிட் ஆட்டர் ஆறு ஓடுகிறது. பெரிய ஆறொன்றும் இல்லை. இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் இருப்பவர் 'நல்லா இரு' என்று சொல்வார். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு பால் லாரியின் சக்கரம் பாலத்துப் பலகையை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியது. அன்று மூடிய பாலம் மூடியதுதான். அந்தக் கரையில் ஓர்லினின் மனைவி லவோன் ஒரு ரொட்டிக்கடை வைத்திருந்தாள். விடிவதற்கு முன் அடுப்பு மூட்ட வேண்டும். இவரும் விடிவதற்கு முன் பேருந்துகளைக் கிளப்பிச் சூடாக்க வேண்டும். சுற்றிப் போக ஒரே வழி, குன்றுகளைத் தாண்டி மில்பர்னில் இருக்கும் அடுத்த பாலம். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல். அதனால் லவோன் வாரம் முழுக்கத் தன் அக்கா பெர்னீஸின் வீட்டில் தங்கினாள். சனிக்கிழமை சாயங்காலம் சுற்றிக்கொண்டு வருவாள், ஞாயிறு தேவாலயம் முடிந்ததும் சுற்றிக்கொண்டு போவாள்.

மற்ற நாட்களில் இருவரும் சாயங்காலம் ஆளுக்கொரு கரையில் நின்று கத்துவார்கள். பெர்னீஸ் வீட்டில் தொலைபேசி இருந்தது. ஆனால் அதை எடுப்பவளும் பெர்னீஸ், வைக்கும்வரை பக்கத்தில் நிற்பவளும் பெர்னீஸ். அதைவிட ஆறே மேல்.

"நாய்க்கு மாத்திர குடுத்தியா?"

"குடுத்தேன்! துப்பிடுச்சு!"

"சீஸ்ல வச்சுக் குடு!"

நடு ஆற்றில் படகுபோட்டு மீன் பிடித்துக்கொண்டிருக்கும் டெல்மர், "எந்த சீஸ், லவோன்?" என்று சந்தேகம் கேட்பான். அவனுக்கும் பதில் சொல்வாள்.

இந்த நிலையில்தான் அந்த இலையுதிர் காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தேர்தல் வந்தது. அந்தத் தொகுதியிலிருந்து வாஷிங்டனுக்குப் போக இரண்டு பேர் போட்டியிட்டார்கள். யானைச் சின்னக் கட்சியில் ராய்ஸ் டெட்லாஃப், காப்பீட்டு முகவர். கழுதைச் சின்னக் கட்சியில் இர்மா கில்ஹூலி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பால் விலை, துப்பாக்கி, வரி, முதியோர் ஓய்வூதியம் என்று எதைத் தொட்டாலும் ஒருவர் கிழக்கு, மற்றவர் மேற்கு. பாலத்தைப் பற்றி மட்டும் இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: பரிசீலிக்கப்பட வேண்டிய விஷயம். தீயணைப்பு நிலையத்தில் நடந்த பான்கேக் விருந்துகளில் ஓர்லின் இருவரிடமும் நேரிலேயே கேட்டிருந்தார். ராய்ஸ் அவருடைய வலது தோளைத் தட்டிக்கொடுத்தார், இர்மா இடது தோளை.

ஒரு வெள்ளிக்கிழமை மதுக்கடையில் யாரோ இர்மாவைத் திட்டினார்கள். இர்மா அங்கே இல்லை. ஓர்லின் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் பேசி முடித்தபோது, மூலையில் உட்கார்ந்திருந்த இளம்பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். டோரி வெங்க், ராய்ஸின் பிரசாரத்தை நடத்த நகரத்திலிருந்து வந்தவள்.

"ஐயா, பொது விவாதத்துக்கு முன்னாடி எங்க ஆள் ஒத்திகை பாக்கணும். எதிராளியா நிக்க ஒருத்தர் வேணும். நீங்க கில்ஹூலியா வர முடியுமா?"

"நான் அவங்களுக்கு ஓட்டுப் போடுறவன் இல்லையே."

"அப்ப எங்களுக்கா?"

"அப்படியும் சொல்ல முடியாது."

டிராக்டர் கடையின் பின்னறையில், பால் கிரேட்டுகளை அடுக்கி இரண்டு மேடைகள் செய்திருந்தார்கள். டோரி கொடுத்த பத்திரிகைத் துணுக்குகளை ஓர்லின் பேருந்துக்கு அடியில் மல்லாந்தபடியே படித்து மனப்பாடம் செய்திருந்தார். முதல் ஒத்திகையில் ராய்ஸ் ஓய்வூதியக் கேள்வியிலேயே வியர்த்துப்போனார். அடுத்ததில் பால் விலையில் திணறினார். கிரீஸ் படிந்த கையை இடுப்பில் ஊன்றி, ஓர்லின் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, "ராய்ஸ், வீட்டுப்பாடத்த யாரோ எழுதிக் குடுத்த மாதிரி இருக்கே," என்றார். ராய்ஸுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"கொஞ்சம் விட்டுக்குடுங்க, ஓர்லின்," என்று டோரி தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சினாள். "அவரு தோத்துக்கிட்டே இருக்காரு."

"அந்தம்மா விட்டுக்குடுக்க மாட்டாங்களேம்மா."

அதன் பிறகு ராய்ஸ் அவரைக் கடைத்தெருவில் பார்த்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒருநாள் உருளைக்கிழங்கு அடுக்கின் முன்னால் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டபோது, "பள்ளிக்கூடத்த நீங்க நடத்துன லட்சணம் எங்களுக்குத் தெரியாதா, அம்மணி?" என்று சீறிவிட்டுப் போனார். கடைக்காரர் ஓர்லினைத் தலைமுதல் கால்வரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது ஒத்திகையில் டோரி சாலைகளைப் பற்றிக் கேட்டாள். துணுக்குகளில் இர்மா சாலைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ஓர்லின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நான்கு வருடங்களாகத் துருப்பிடித்துக் கிடந்தது, இப்போது அசைந்தது.

"நோர்டால் பாலத்த நான் கட்டுவேன்," என்றார் இர்மாவின் குரலில்.

டோரி பேனாவை நிறுத்தினாள். "இத எப்ப சொன்னாங்க?"

"சொல்லுவாங்க. அவங்க இடத்துல இருந்தா வேற என்ன சொல்ல முடியும்?"

அதை அவர் பொய்யாக நினைக்கவில்லை. நல்ல மனுஷி, உட்கார்ந்து யோசித்தால் அப்படித்தானே சொல்வாள்? எதிராளி கட்டுகிறேன் என்றால் ராய்ஸும் சும்மா இருப்பாரா? நானும் கட்டுகிறேன் என்பார். இருவரில் யார் வென்றாலும் லவோன் தினமும் வீட்டுக்கு வந்துவிடுவாள். இந்தக் கணக்கில் என்ன ஓட்டை இருக்கிறதென்று அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை.

மறுவாரம் இர்மாவே ஆள் அனுப்பினார். ராய்ஸாக நிற்க வேண்டுமாம்.

"நான் அங்க நீங்களா நிக்கிறேனே, அம்மா," என்றார் ஓர்லின் நேர்மையாக.

"தெரியும். அதனாலதான் கூப்பிட்டேன். நான் அங்க எப்படிப் பேசுறேன்?"

"நல்லாப் பேசுறீங்க."

"என்னல்லாம் சொன்னேன்?"

"அதச் சொல்றது முறையில்லம்மா."

"அது போகட்டும், ஜெயிச்சேனா?"

"ஒவ்வொரு தடவையும்."

இர்மா மகிழ்ந்துபோய் ஆப்பிள் பை ஒன்றை முழுதாக அவர் கையில் கொடுத்தார். அங்கேயும் சாலைகளைப் பற்றிய கேள்வி வந்தது. ராய்ஸின் தொப்பையை முன்னால் தள்ளிக்கொண்டு ஓர்லின் சொன்னார்: "பாலமா? ஒரே வருஷத்துல கட்டிக் காட்டுறேன்."

அன்று சாயங்காலம் ஆற்றங்கரையில் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"லவோன்! பாலம் வரப்போகுது!"

"யாரு சொன்னது?"

"ரெண்டு பேருமே!"

"எப்ப சொன்னாங்க?"

ஓர்லின் சற்று யோசித்தார். "இனிமேதான் சொல்லப்போறாங்க!"

"பாலம் வந்தா என்ன பண்ணப்போற?"

"நீ தினமும் வீட்டுக்கு வரலாம்!"

லவோன் திரும்பிக்கொண்டாள். ஏப்ரனிலிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டு மேடேறிப் போனாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று ஓர்லின் நினைத்துக்கொண்டார்.

விவாதம் உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கத்தில் நடந்தது. வானொலியிலும் நேரடியாக ஒலிபரப்பினார்கள். ஓர்லின் தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பால் விலை போயிற்று, துப்பாக்கி போயிற்று, வரி போயிற்று. இருவரும் தயாராக வந்திருந்தார்கள். ஒவ்வொரு பதிலும் ஓர்லினுக்குப் பழக்கப்பட்ட பதில், பாதி அவரே சொன்னது. கடைசியில் வானொலிக்காரர் சாலைகளைப் பற்றிக் கேட்டார். முடிக்கக்கூட விடாமல் ராய்ஸ் குதித்தார்.

"இந்தம்மா உங்க வரிப்பணத்த அள்ளி ஆத்துல கொட்டி ஒரு பாலம் கட்டப்போறாங்க! அந்தப் பக்கம் அப்படி என்ன இருக்கு? ஒரு ரொட்டிக்கடை!"

"நானா?" என்றார் இர்மா. "ஒரே வருஷத்துல கட்டிக் காட்டுறேன்னு சொன்னது நீங்கதானே! எங்கேருந்து எடுப்பீங்க அந்தப் பணத்த?"

"நான் எப்ப சொன்னேன்? நான் கட்டவே மாட்டேன்!"

"நீங்க இன்னிக்குத்தான் கட்ட மாட்டேங்கிறீங்க. நான் எப்பவுமே கட்ட மாட்டேன்!"

"பதவியில உக்கார்ற முதல் நாளே நான் கட்ட மாட்டேன்!"

அரங்கம் இரு பக்கமும் எழுந்து நின்று கைதட்டியது. அந்த ஆரவாரத்துக்கு நடுவில், மேடையிலிருந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூன்றாவது வரிசையைப் பார்த்தார்கள். ஓர்லின் வாயைத் திறந்தார். ஆனால் இருவருமே அங்கே இருந்தார்கள். யாருக்காகப் பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை வந்த வாரப் பத்திரிகை, வேட்பாளர்களின் நிலைப்பாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிட்டிருந்தது. ஆதரவு, எதிர்ப்பு. எதிர்ப்பு, ஆதரவு. கடைசி வரியில் மட்டும் நோர்டால் பாலம்: எதிர்ப்பு, எதிர்ப்பு. பிளவுபட்டுக் கிடக்கும் இந்தத் தொகுதியை ஒரு பாலம் இணைத்துவிட்டது என்று ஆசிரியர் நெகிழ்ந்து தலையங்கம் எழுதியிருந்தார். அதுவரை பாலத்தைப் பற்றி நினைத்தே பார்க்காதவர்கள்கூட வீட்டு முன் புல்தரையில் 'பாலம் வேண்டாம்' என்று பலகை நட்டார்கள். மதுக்கடையில், இர்மாவின் எதிர்ப்பு வாய் எதிர்ப்பு, ராய்ஸின் எதிர்ப்புதான் மனதார எதிர்ப்பு என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். டெல்மர் படகிலேயே ஒரு பலகையைக் கட்டிவிட்டான். பாலம் வந்தால் மீன் ஓடிவிடுமாம். பின்னால் நவம்பரில் வென்றவர் தந்த வாக்குறுதிகளில் முழுதாக நிறைவேறியது, பாலம் கட்ட மாட்டேன் என்ற ஒன்றுதான்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ஓர்லின் பத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்தார். லவோன் முன்னமே வந்து நின்றிருந்தாள்.

"ரேடியோவுல எல்லாத்தையும் கேட்டேன்!"

"டெட்லாஃப் அந்த அர்த்தத்துல சொல்லல, லவோன்! அவரு நிலைமையில பாத்தா…"

"நிறுத்து!"

"அந்தம்மாகூட உண்மையில…"

"நிறுத்துன்னேன்! எனக்கு அவரும் வேண்டாம், அந்தம்மாவும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். யாரு இல்லையோ அவங்களுக்காகப் பேசுவியே, நாலு வருஷமா அந்த வீட்டுல நான் இல்ல. எனக்காக என்ன பேசுன?"

ஓர்லினுக்கு முகம் சூடாயிற்று. பேசியிருந்தார். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார். தினமும் சமையலறையில் அடுப்பின் முன் நின்று, அவள் குரலிலேயே பேசியிருந்தார்.

"பூட்ஸக் கழட்டிட்டு உள்ள வான்னு சொல்லுவ!"

"சரி!"

"முட்டைய ரப்பரா ஆக்காதன்னு சொல்லுவ!"

"சரி! அப்புறம்?"

"நான் எப்பதான் தினமும் வீட்டுக்கு வரப்போறேன்னு கேப்ப!"

"அது நான் இல்ல!"

நடு ஆற்றில் டெல்மர் தூண்டிலை மேலே இழுத்து வைத்துக்கொண்டான்.

"அப்படி நான் ஒரு நாளும் கேட்டதில்ல, ஓர்லின்! இந்த மனுஷன் எப்பத்தான் ஒரு புதன்கிழமை இங்க வரப்போறான்னுதான் கேட்டேன்! பெர்னீஸக் கேட்டுப் பாரு!"

"பாலம் இல்லையே, லவோன்!"

"நான் சனிக்கிழமை சனிக்கிழமை பறந்தா வர்றேன்?"

எல்லோருடைய நிலைப்பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கத் தெரிந்தவர், சொந்த மனைவியின் நிலைப்பாட்டை நான்கு வருடங்களாகத் தப்பாக ஒப்பித்திருக்கிறார். அவள் கேட்டதையெல்லாம் தனக்கு வசதியாக அவரே எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்ற, ஓர்லின்?" என்றான் டெல்மர் பொறுமையில்லாமல்.

"அப்படியும் சொல்ல…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பிறகு கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு, "வர்றேன்!" என்று கத்தினார். அந்தக் குரல் யாருடையது மாதிரியும் இல்லை. ரொம்பவும் கீச்சென்று இருந்தது.

நாயை டிரக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மில்பர்ன் குன்றுகளில் வளைவுக்கு வளைவு மான்கள் நின்றன. சரிவில் எங்கே கியரை மாற்றுவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. இதைத்தான் அவள் பனியிலும் ஓட்டி வந்துகொண்டிருந்தாள்.

பெர்னீஸ் வீட்டில் சூப்பைச் சூடாக்கி வைத்திருந்தார்கள். காலையில் பேருந்துகளை யார் கிளப்புவார்கள் என்று பெர்னீஸ் கேட்டாள். தாமதமாகக் கிளம்பினால் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள் என்றாள் லவோன். சாப்பிட்டபின் புருஷனும் மனைவியும் கரைக்கு இறங்கினார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது எவ்வளவு சத்தமாகப் பேசுவதென்று இருவருக்கும் பிடிபடவில்லை. எதிர்க்கரைச் சரிவில் அவர்களுடைய வீடு தெரிந்தது. சமையலறை ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"லைட்ட அணைக்காமப் போயிருக்கான் பாரு," என்றாள் லவோன். "எத்தன தடவ சொல்றது அந்த மனுஷனுக்கு?"

"பாவம்," என்றார் ஓர்லின். "ஏதோ அவசரத்துல கிளம்பியிருப்பான்."