யாரும் திங்காத பூண்டு

பீட்ரூட் தோலைக் கசக்கிப் பிழிந்ததும் விசாலாட்சியின் கை முந்தானைக்குப் போகும். பாதி வழியில் நின்று, திரும்பி, ஓரத்தில் கிடக்கும் சாக்கில் துடைத்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் வருவதற்குள் மூன்று சேலைகள் போயின. "ஊருக்குப் போக கறையில்லாம ஒண்ணு இருக்கு. அதைப் பெட்டியில பூட்டி வச்சிட்டேன்" என்கிறார்.

மலைக் கிராமமான கிளாவரையின் ஆரம்பப் பள்ளியில் அவர் ஆசிரியை. வயது முப்பதை ஒட்டி இருக்கும். பழனியில் கோயில் பணி செய்யும் குடும்பம். சித்திரம் யாரிடமும் படித்ததில்லை.

இங்கே வந்த முதல் மாதம், "உங்க தோட்டத்துக் காயை வரைங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். முப்பத்திரண்டு சிலேட்டுகளிலும் மூட்டைதான் வந்தது. கயிறு கட்டிய மூட்டை, குதிரை முதுகில் மூட்டை, லாரியில் அடுக்கிய மூட்டை. காய் ஒன்றுகூட இல்லை. இங்கே விளையும் கேரட்டும் பீட்ரூட்டும் கோசும் குதிரையில் இறங்கி, லாரி ஏறி, ஒட்டன்சத்திரம் மண்டிக்குப் போய்விடுகின்றன. வீட்டில் களியும் பூண்டுக் குழம்பும். கோணிப்போன கேரட் குதிரைக்கு.

வகுப்பறைச் சுவர் அதற்கு மறுநாள் தொடங்கியது. காய்களின் உருவத்தைக் கரித்துண்டால் வரைந்து, உள்ளே வெறுமையாக விட்டார். அதுவரை தின்று அறியாத காயை எல்லார் முன்னாலும் தின்பவரே அதற்கு வண்ணம் பூசலாம். தின்ற அளவுக்குத்தான் பூசலாம். பிள்ளைக்கு ஒரு கேரட் சுவரில் உண்டு. புதுச் சுண்ணாம்பு தடவி, ஈரம் காய்வதற்குள் மஞ்சள் கரைசலைப் பூசினால், கண்ணெதிரே சிவந்து கேரட் நிறமாகிவிடும். பீட்ரூட் சாறு சுண்ணாம்பில் பழுப்பாகிவிடும் என்பதால் அந்த இடத்துக்கு மட்டும் மண்பூச்சு.

"டீச்சர் சுவத்துக்கும் பசிக்குதுங்க. கொழம்புக்கும் நறுக்கணும், சுவத்துக்கும் அரைக்கணும்" என்பது மதிய உணவு சமைக்கும் சோலையம்மாளின் தினசரிக் குறை. அரைப்பது அவர்தான், யாரையும் அம்மியைத் தொட விடமாட்டார்.

சுவரில் ஒரு பூண்டும் இருந்தது, பதினோரு பல்லோடு. பிள்ளைகள் பூண்டு தின்று வளர்ந்தவர்கள். அதனால் அதைப் பூச அவர்களுக்கு உரிமையில்லை. அந்தக் கூரையின் கீழ் பூண்டை அறியாத நாக்கு விசாலாட்சியுடையது ஒன்றுதான். அவர் வீட்டு அடுப்பில் பூண்டு ஏறியதே இல்லை. "பூண்டும் வெள்ளை, சுவரும் வெள்ளை. வண்ணம் எதுக்கு?" என்று ஒரு வருடம் ஓட்டிவிட்டார்.

மடக்கியவள் காளியாயி. மூன்றாம் வகுப்பு. பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவித்தான் நடப்பாள். மாலைக்கண் என்று சொன்ன நர்ஸ், கீரையும் கேரட்டும் தினமும் உள்ளே போகாவிட்டால் பகல் பார்வைக்கும் ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனார். காளியாயி கேரட்டைத் துப்பினாள். "குதிரைத் தீனி."

"கண்ணுக்கு நல்லதுடி."

"அந்தப் பூண்டு யாரும் திங்காத பூண்டு, டீச்சர்."

"வெள்ளையாத்தானே இருக்கு?"

"சுவத்து வெள்ளை வேற, பூண்டு வெள்ளை வேற. பூண்டுல லேசா செவப்பு ஓடும். நீங்க தின்னுட்டு அடிங்க. நானும் குதிரைத் தீனி திங்கிறேன்."

மூன்றாம் நாள் விசாலாட்சி, ஒரு பல்லைச் சுட்டுத் தரும்படி சோலையம்மாளிடம் கேட்டார்.

"பூசத்துக்கு ஊருக்குப் போவீங்களே, அம்மாவுக்கு வாடை தெரிஞ்சா?"

"தூரத்துல நின்னே கும்பிட்டுக்கிறேன்."

மென்றார். கண்ணில் நீர் கோத்தது. காளியாயி பக்கத்தில் வந்து நின்றாள். "வாயைத் தொறங்க. நாக்கைத் தூக்குங்க." பிள்ளைகளிடம் அவர் தினமும் சொல்வதுதான். திறந்தார், தூக்கினார். பிறகு சுண்ணாம்பில் துளி செம்மண் குழைத்து, பதினொன்றில் ஒரே ஒரு பல்லைப் பூசினார். காளியாயி விரலகலம் கேரட் தின்றாள். சுவரில் விரலகலம் சிவந்தது.

அன்றிலிருந்து அவளுக்குத் தினமும் கீரையும் கேரட்டும். அவருக்குத் திங்கட்கிழமைக்கு ஒரு பல். பள்ளி விட்டபின், மலைப்பனியான மஞ்சு இறங்கி அறை இருளும் நேரத்தில் அவளை வாசற்படியில் நிறுத்தி, பூசிய பல் எத்தனை என்று கேட்பார். ஆரம்பத்தில் அவள் சுவர்வரை போய், விரலால் தடவித்தான் சொன்னாள்.

போன திங்கட்கிழமை, சுவரைப் பார்க்க வந்திருந்த நானும் அங்கே இருந்தேன். ஏழாவது பல்லை எல்லார் முன்னாலும் தின்றார். பிள்ளைகள் வெளியே போனபின் கதவைச் சாத்திக்கொண்டு, தின்ற கணக்கை வைத்தே காளியாயி சொல்லிவிடாதபடி, ஏழாவதோடு எட்டாவதையும் பூசினார். மஞ்சு இறங்கியதும் அவளைக் கூப்பிட்டார். அவள் படியில் நின்றாள். சுவரைத் தொட வரவில்லை. கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள்.

"எட்டு அடிச்சிருக்கீங்க. ஏழுதான தின்னீங்க?"

விசாலாட்சி அடுப்படிப் பக்கம் திரும்பி, எட்டாவது பல்லுக்குச் சோலையம்மாளிடம் உள்ளங்கையை நீட்டினார்.