கூட்ரோட்டில் தொலையாத சாவி

எங்கள் கம்பெனி கேண்டீனில் புதன்கிழமை என்றால் சாம்பார் சாதம். அன்றைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால், எதிரே திவ்யா சாப்பிடாமல் செல்போனைக் குத்திக்கொண்டிருந்தாள். திவ்யா எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. சாமானில் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் பிடித்துவிடுவாள். ஆனால் தன் தட்டிலிருந்து அப்பளம் போவது தெரியாது. நான் அதைத் தின்று முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அக்கா, இந்த கேம பாருக்கா. அப்படியே நம்ம ஒரகடம் கூட்ரோடு மாதிரியே கீது."

எனக்கும் கேமுக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தாலும் அப்பளம் தின்ற பாவத்துக்காக வாங்கிப் பார்த்தேன். இதில் சுடுவது, ஓடுவது, குதிப்பது ஒன்றும் கிடையாது. ஒரு படம் வரும், அதில் இருக்கிற சாமானையோ ஆளையோ விரலால் தொட வேண்டும். இதை எடுத்து அங்கே வைத்து, அவரிடம் பேசி, இவரிடம் கேட்டு, அப்படியே கதை நகர்ந்துகொண்டு போகும். படத்தில் இருந்தது நாலு ரோடு சேருகிற எங்கள் கூட்ரோடேதான். மேம்பாலம் வருவதற்கு முன்னால் இருந்த கூட்ரோடு. டீக்கடை, கொய்யாப்பழத் தள்ளுவண்டி, சிக்னலில் எதிரும் புதிருமாக நிற்கிற கம்பெனி பஸ்கள். அந்தத் தள்ளுவண்டியில் மிளகாய்த்தூள் டப்பாவின் மூடிக்குப் பதில் காகிதம் கட்டியிருந்ததுகூட அப்படியே.

"சாவி தொலைஞ்சிடுச்சுக்கா. இந்தப் பொண்ணு அத தேடணும். ரெண்டு நாளா ரோட்ல ஒவ்வொரு கல்லா க்ளிக் பண்ணிக்கினு கீறேன், கெடைக்கவே மாட்டேங்குது."

"நீ ஒழுங்கா தேடியிருக்க மாட்ட."

"அட போக்கா. ஊரே தேடிக்கினு கீது" என்று, ஆடியவர்கள் கருத்து எழுதுகிற பக்கத்தைத் திறந்து நீட்டினாள்.

எவ்வளவு பேருக்கு எவ்வளவு கோபம்! கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள் போலிருக்கிறது, ஒருவர் எழுதியிருந்தார்: "படமெல்லாம் அருமைங்க. ஆனா லாஜிக்கே இல்லீங்க. பஸ்ஸு ஜன்னல் வழியா வீட்டுச் சாவிய யாராச்சும் குடுப்பாங்களா?" இன்னொருவர்: "அஞ்சு பேருக்கு ஒரே சாவியாம். டூப்ளிகேட் போட எவ்ளோ நேரம் ஆகும்? கதை எழுதினவங்க ரூம் எடுத்துத் தங்கினதே இல்லபோல." அதற்குக் கீழே ஒரு புண்ணியவான்: "பஸ்ல வாயப் பொளந்துக்கிட்டு தூங்குற தோழி கேரக்டர் செம காமெடி. அவளுக்காகவே ரெண்டு ஸ்டார்."

முதல் ஆளைப் படித்ததுமே என் வாய் சும்மா இருக்கவில்லை. "யோவ், தினமும் குடுத்தோம்யா" என்றேன்.

"யாருக்கா குடுத்தா?"

"கேம் பேரு இன்னாடி?"

"மூணாவது ஜன்னல்."

செய்தவர் பெயர் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. கோகிலா. கையில் எடுத்த சாம்பார் சாதத்தைத் தட்டிலேயே போட்டேன்.

பல வருஷத்துக்கு முன்னால் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் கோகிலா, நான், இன்னும் மூன்று பேர் என்று நாங்கள் ஐந்து பேர் தங்கியிருந்தோம். ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிப்ட். ஒருத்தி எழுந்திருக்கிற பாயில் இன்னொருத்தி சூடு ஆறுவதற்குள் படுப்பாள். தலையணை உறையில் ஐந்து விதமான தேங்காய் எண்ணெய் வாசனை வரும். கதவுக்கு வீட்டுக்கார அம்மாவின் மாமனார் காலத்துப் பித்தளைப் பூட்டு, அதற்கு ஒரே சாவி. டூப்ளிகேட் போடலாமே என்று கேட்டதற்கு, "போட்டா ஊர்ல கீறவன்லாம் உள்ள பூந்துடுவான்" என்று முடித்துவிட்டார். சரி, உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்றால், "நான் இன்னா வாச்மேனா?" செருப்புக்குள் ஒளித்து வைத்துப் பார்த்தோம். செருப்பே போய்விட்டது.

அப்போதுதான் கோகிலா ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் கம்பெனி வாலாஜாபாத் போகிற வழியில். காலை ஷிப்ட் முடிந்து அவள் பஸ் திரும்புகிற நேரமும், மதிய ஷிப்டுக்கு என் பஸ் போகிற நேரமும் கூட்ரோடு சிக்னலில் ஒன்றாக வரும். இரண்டு பேரும் வலது பக்கம் மூன்றாவது ஜன்னலில் உட்கார வேண்டியது. சாவியை என் பழைய ஐடி கார்டின் ரோஸ் கலர் பட்டையில் கட்டி, நான் கையை நீட்ட, அவள் கையை நீட்ட, "சாவி!" என்று ஒரு சத்தம், முடிந்தது. டிரைவர் அண்ணன்கூட எங்களுக்காக வண்டியைக் கொஞ்சம் ஒட்டி நிறுத்துவார். இதைத்தான் அந்தக் கோயம்புத்தூர்க்காரர் லாஜிக் இல்லை என்கிறார்.

கோகிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியாக இருப்பாள், ஆனால் சண்டை என்று வந்தால் தண்ணீர் லாரிக்காரரே பின்வாங்குவார். கம்பெனியில் ரிஜெக்ட் ஆன சாமானில் ஒட்டுகிற சிவப்புச் சீட்டு இருக்கிறதே, அதில் வீணாய்ப் போனதைப் பொறுக்கி வந்து பின்பக்கம் படம் வரைவாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் என்னை இழுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரௌசிங் சென்டருக்குப் போவாள். ஏசியும் ஈரச் சாக்ஸும் கலந்த ஒரு நாற்றம் அங்கே உண்டு, இன்றைக்கும் எங்காவது அடித்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருக்கும். அவள் ஆடுவது எல்லாம் இந்த மாதிரி க்ளிக் பண்ணுகிற கேம்தான். பூட்டின அறை, சாவியைக் கண்டுபிடி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வாரம் பூரா ஒரு சாவிக்கு அடிச்சிக்கறது போதாதா? இங்க வந்துமா?"

"நான் இத ஆட வரலடி. செய்யக் கத்துக்கப் போறேன்" என்றாள் கண்ணைத் திருப்பாமல். நான் சிரித்தேன். சார்ஜருக்கு ஒயர் மாட்டுகிறவள் கேம் செய்யப் போகிறாளாம்.

ஆனால் அவளைக் கூப்பிட்டார்கள். தாம்பரத்தில் ஒரு சின்ன ஆபீஸ், படம் வரையத் தெரிந்த ஆள் வேண்டும் என்று. வரைந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு சாயந்தரம் ஐந்து மணிக்குள் வரச் சொன்னார்கள். லீவு கேட்டாள், சூப்பர்வைசர் கொடுக்கவில்லை. ஒன்றும் மோசமில்லை, மூன்று மணிக்கு அறைக்கு வந்துவிட்டால் படங்களை ஒட்டி வைத்திருந்த நோட்டை எடுத்துக்கொண்டு மணிமங்கலம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அன்றைக்குக் காலையில் கிளம்பும்போது என் பாயை உதைத்து எழுப்பிச் சொல்லிவிட்டுப் போனாள்: "சாவி பத்திரம். இன்னிக்கு மட்டும் தூங்கித் தொலைக்காத."

நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். தூங்கித் தொலைத்தேன். முந்தின நாள் ஓவர்டைம் பார்த்த அலுப்பு, ஜன்னல் காற்று, பஸ் ஆட்டம். திடுக்கென்று விழித்தால் கூட்ரோடு சிக்னல். எதிரில் ஒரு வெள்ளை பஸ், மூன்றாவது ஜன்னலில் நீலச் சட்டைக் கை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. "சாவி!" என்று கத்தி, கையில் வைத்து அழுத்தினேன். அந்தக் கை பாவம், கொய்யாப்பழக்காரரிடம் மீதிச் சில்லறை வாங்க நீட்டிய கை. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே டிராவல்ஸ் பஸ், ஒரே வெள்ளை, ஒரே மாதிரி நீலச் சட்டை. அந்தப் பெண் முழித்துக்கொண்டு சாவியைப் பார்க்க, அவள் வண்டி நகர்ந்துவிட்டது.

அதற்குப் பின்னாலேயே கோகிலாவின் பஸ் வந்தது. மூன்றாவது ஜன்னலில் அவள் கை, முழங்கை வரைக்கும் வெளியே நீட்டிக்கொண்டு. "சாவிடீ!" என்று கத்தியது கேட்டது. என் பஸ் கிளம்பிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கார அம்மா கல்யாணத்துக்கு வாலாஜாபாத் போயிருந்தார், பூட்டை உடைக்க யாருக்கும் தைரியம் இல்லை. மூன்றரை பஸ் போனது, நாலு மணி பஸ்ஸும் போனது. நோட்டு உள்ளேயே இருந்தது. நான் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தபோது வாசலிலேயே தூங்கிப்போயிருந்தாள். மறுநாள் காலையில் என்னைக் கேட்டாள், "இன்னாடி ஆச்சு?" நான் வாயைத் திறந்தேன், வந்தது பொய்.

"வண்டி குலுக்கிச்சுடி. கைநழுவி ரோட்ல வுழுந்துட்ச்சு."

"சரி, வா தேடலாம்" என்றாள்.

போனோம். கூட்ரோட்டில், லாரிப் புழுதியில், ஒரு மணி நேரம் அவள் குனிந்து குனிந்து தேடினாள். நானும் கூடவே தேடினேன். அங்கே இல்லை என்று தெரிந்த சாவியை! கல்லைப் புரட்டுவது என்ன, சாக்கடை ஓரம் குச்சியால் கிளறுவது என்ன. என் நடிப்பைப் பார்த்து டீக்கடைக்காரரே இரக்கப்பட்டு இரண்டு டீ கொடுத்தார். அதையும் குடித்தேன். கடைசியில் வீட்டுக்கார அம்மாவே வந்து, ஆசாரியைக் கூப்பிட்டுக் கொண்டியைக் கழற்றி எங்களை உள்ளே விட்டார். தாம்பரத்தில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

நாலு நாள் கழித்து, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கோகிலா வந்து ஆணியில் எதையோ மாட்டினாள். ரோஸ் பட்டை, அதில் சாவி.

"கெடச்சுதுடி."

"எங்க?"

"ரோட்லதான்" என்று என் முகத்தையே பார்த்தாள்.

ரோட்டில் எப்படிக் கிடைக்கும்? நான் சாவியைக் கையில் அழுத்திய அந்தப் பெண் பஸ் பஸ்ஸாக விசாரித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள், நடந்ததையும் சொல்லியிருக்கிறாள். கோகிலாவுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. நான் சொல்வதற்காக நின்றுகொண்டிருந்தாள். நான் ஒரு பாவாடையைத் திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தேன். இரண்டு மாதத்தில் அறையைக் காலி செய்துகொண்டு சென்னைக்குப் போனாள். ஒரு சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

இதெல்லாம் திவ்யாவுக்குத் தெரியாது. அவள் என் கையிலிருந்து போனை வாங்கி, "இந்தத் தோழி கீறாளே, கூடவே தேடறா, ஆனா எத்தினி தபா தொட்டாலும் 'வண்டி குலுக்கிச்சுடி'ங்கறா. அதோட நின்னுபோவுது. பூட்ட உடைச்சிட்டு மேல ஆடலாம், கதை முடியும். ஆனா கடைசி வரைக்கும் இந்தப் பொண்ணு ரோட்லயே நின்னுக்கினு தேடறாக்கா, பாவமா கீது. கேம்ல ஏதோ தப்பு, 'பக்'குன்னு எழுதிப் போட்டிருக்காங்க, பாரு" என்றாள்.

பார்த்தேன். ஒருவர், "தோழியோட பேச்சு பாதியில நிக்குது. பக் இருக்கு, சரி பண்ணுங்க" என்று கேட்டிருந்தார். கீழே கோகிலா பதில் எழுதியிருந்தாள்.

"அது பக் இல்லைங்க. அந்தப் பொண்ணு இன்னும் சொல்லல."

அன்று வீட்டுக்கு வந்து நானும் அந்தப் பக்கத்தில் எழுத உட்கார்ந்தேன். பத்து தடவை அழித்தேன். கடைசியில் இப்படி நின்றது: "சாவி ரோட்ல விழல. வண்டி குலுக்கவும் இல்ல. தூக்கக் கலக்கத்துல நான்தான் வேற பஸ்ல குடுத்துட்டேன். பின்னாடி உன் கைய பார்த்தேன், பார்த்துட்டு தலைய இழுத்துக்கினேன். கூட வந்து தேடினதுதான் ரொம்ப அசிங்கம். மன்னிச்சுடுடி கோகிலா." ஸ்டார் போடாமல் அனுப்ப விடவில்லை. ஐந்து போட்டேன். அரை மணி நேரத்தில் ஒருவர் கீழே எழுதினார்: "மேடம், விடைய இப்படி வெளியில சொல்லாதீங்க. நாங்க இன்னும் ஆடல."

கோகிலாவிடமிருந்து ஒன்றும் இல்லை. ஒரு வாரம், பத்து நாள். ஷிப்டுக்கு முன்னால், ஷிப்டுக்குப் பின்னால், லாக்கர் ரூமில் எல்லாம் பார்த்தேன். சரிதான், இத்தனை வருஷம் அவளைக் காக்க வைத்தவள் பத்து நாளுக்கே குதிக்கலாமா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இப்போது கூட்ரோட்டில் பஸ்கள் எதிரும் புதிருமாக நிற்பதில்லை. எங்கள் பஸ் மேம்பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடுகிறது. ஏசி பஸ், ஜன்னல் கண்ணாடி திறக்காது, கையை நீட்ட வேண்டும் என்றாலும் வழியில்லை. திவ்யா தங்கியிருக்கிற அறைக்கு நம்பர் அழுத்தினால் திறக்கிற பூட்டு. நான் மட்டும் பழக்க தோஷத்தில் வலது பக்கம் மூன்றாவது சீட்டில்தான் உட்காருகிறேன்.

போன புதன்கிழமை பஸ்ஸில் திவ்யா என்னைப் பிடித்து உலுக்கினாள். தூங்கிக்கொண்டிருந்தேன், வேறென்ன. "அக்கா, அக்கா! அந்த 'பக்'க சரி பண்ணிட்டாங்க!"

தோழியைத் தொட்டாள். அந்தப் பெண் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டாள். "வண்டி குலுக்கலடி. நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்" என்று எழுத்து வந்தது. மற்றவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும். வா, வெயில் ஏறுது."

இரண்டு பேரும் ரோட்டைக் கடந்து போய் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னாக்கா, ஒரு கேமுக்குப் போய் அழற?" என்று திவ்யா கேட்டாள். போனைக் கொடுடி என்று வாங்கி, அந்தப் பழைய கூட்ரோட்டுப் படத்துக்குத் திரும்பப் போனேன். டீக்கடையைத் தொட்டேன், கொய்யாப்பழ வண்டியைத் தொட்டேன், ரோட்டோரத்தில் கல் கல்லாகத் தொட்டுப் பார்த்தேன். அங்கே யாரும் தேடிக்கொண்டு நிற்கவில்லை.