இருட்டக்காவின் பன்னிரண்டாம் தேதி

அந்த மலையில் அவளுக்கு இருட்டக்கா என்றுதான் பெயர். தொலைநோக்கி ஓட்டுவது வேலை. யாராவது ஜன்னல் திரையை ஒரு விரற்கடை விலக்கினால் போதும், "லைட்டை அணைங்கய்யா!" என்று ஊரே அதிரக் கத்துவாள். வீட்டிலும் இதே கூத்துதான். குளியலறையில் ஆள் இருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் போவாள்.

சும்மா ஒன்றும் கத்தவில்லை. அவள் பிடிப்பது காமா கதிர். அது தரைக்கு வராது, உயரத்திலேயே காற்றில் மோதி ஒழிந்துபோகும். ஒழியும்போது ஒரு துளி நீல வெளிச்சம் காட்டும். நாம் கண் சிமிட்டுகிற நேரத்தில் அது கோடி தரம் வந்துபோகலாம், அவ்வளவு குட்டி ஆயுசு! அதைப் பிடிக்கத்தான் அத்தனை பெரிய கண்ணாடிகளும் கேமராவும். ஒரு காரின் முன்விளக்கு பட்டால் கேமரா பயந்து அணைந்துவிடும். மறுபடி எழுப்ப முக்கால் மணி நேரம் ஆகும்.

இந்தத் தடவை பார்க்க வேண்டியது ஒரு ஜோடி. பிரமாண்டமான ஒரு விண்மீன், அதைச் சுற்றிவரும் ஒரு செத்த விண்மீனின் குட்டி மிச்சம். நாலு வருஷத்துக்கு ஒரு முறைதான் குட்டி நெருங்கி வரும். வந்தால் ரெண்டின் காற்றும் மோதிக்கொண்டு காமா கதிராய்க் கொட்டும். போன தடவை வாரம் பூரா மேகம். இருட்டக்கா தலையணையில் முகம் புதைத்து அழுதாள். இந்தத் தடவை கணக்குப்படி மிக நெருக்கம் பன்னிரண்டாம் தேதி ராத்திரி. அதை விட்டால் இன்னும் நாலு வருஷம்.

அவள் புருஷன் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். பத்து மாதத்துக்கு ஒரு முறை வருகிறவன் என்பதால் அவனுக்கும் 'குட்டி' என்றே மலையில் பட்டப்பெயர். போனில் அவள் ஜோடியைப் பற்றியும் இருட்டைப் பற்றியும் மூச்சுவிடாமல் பேசுவாள். அந்தப் பக்கமிருந்து "ம்" மட்டும் வரும். "சுவத்துக்கிட்ட பேசலாம் இதுக்கு" என்று போனை வைப்பாள்.

அந்த மகராசன் செய்தி அனுப்பினான். பதிமூணாம் தேதி விடிகாலை ரெண்டு மணிக்கு பஸ் வந்து சேருமாம், பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு என்று. இருட்டக்காவுக்கு வாயெல்லாம் பல். பன்னிரண்டு ஜோடிக்கு, பதிமூன்று புருஷனுக்கு! பதிமூன்றாம் ராத்திரிக்கு லீவு எழுதிக் கொடுத்தாள், தலைக்குச் சாயம்கூட வாங்கி வைத்தாள்.

அடி அசடே! அந்த மலையில் நள்ளிரவில் தேதி மாறாது. சாயங்காலம் என்ன தேதியோ, விடிகிறவரை குறிப்பேட்டில் அதேதான். இல்லாவிட்டால் ஒரே ராத்திரி ரெண்டாகப் பிய்ந்துவிடும். பதினைந்து வருஷமாக அப்படி எழுதி எழுதி அவளுக்குப் பதிமூணாம் தேதி விடிகாலை என்றால் பதிமூணாம் ராத்திரி முடிகிற நேரம். மற்ற எல்லோருக்கும் அது பன்னிரண்டாம் ராத்திரி முடிகிற நேரம்.

பன்னிரண்டாம் ராத்திரி வானம் துடைத்துவிட்டமாதிரி இருந்தது. மூன்று மணிக்கு காமா கதிர் எண்ணிக்கை எகிற ஆரம்பித்தது. இருபது நிமிஷத்துக்குப் பத்து வருகிற இடத்தில் முப்பது, நாற்பது! பக்கத்து நாற்காலியில் இருந்த விஞ்ஞானி நகத்தைக் கடித்துத் துப்பிவிட்டு, "ஏறுதுக்கா, ஏறுது!" என்று குதித்தார். அவளும் குதித்தாள். அப்போது கீழ் வாசலிலிருந்து போன் அடித்தது. வேலைக்குச் சேர்ந்து நாலே நாள் ஆன காவலாளி.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் வந்திருக்காரு. பஸ் ஸ்டாண்டுல உங்களைத் தேடித் தேடிப் பார்த்தாராம். பாவம்னு டாக்ஸியை மேல விட்டுட்டேன்."

"ஐயோ, இன்னைக்கா?" அப்போதுதான் விரல்விட்டு எண்ணினாள். ஊர்க் கணக்கில் பதிமூணு பிறந்து மூணு மணி நேரம் ஆகியிருந்தது. வாசலிலிருந்து மலைப்பாதை அரை கிலோமீட்டர்தான். கடைசி வளைவில் திரும்பினால் வெளிச்சம் நேரே கண்ணாடியில்தான் விழும்.

"கேமராவை மூடிடவா?" என்றார் விஞ்ஞானி.

"மூடினா, திறக்கறதுக்குள்ள ஜோடி மறைஞ்சுடும்!" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினாள். காரை மறிக்க நடுரோட்டில் ரெண்டு கையையும் விரித்து நின்றாள். எந்த வெளிச்சமும் வரவில்லை. கும்மிருட்டில் கடகடவென்று ஒரு சத்தம் மட்டும் ஏறி வந்தது. பெட்டிச் சக்கரம்.

"யாரு?"

"குட்டிதான். கத்தாதே."

"டாக்ஸி எங்கே?"

"முதல் வளைவுலயே நிறுத்தி லைட்டை அணைக்கச் சொல்லிட்டேன். டிரைவர் விடியறவரைக்கும் அங்கேயே தூங்குறாராம். ரெண்டு தடவை விழுந்தேன், முட்டி போச்சு."

"உங்களுக்கு யாரு சொன்னது இதெல்லாம்?"

"பத்து மாசமா வேற என்ன சொன்னே நீ?"

இருட்டக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டில் நிற்கவைத்தவள்மேல் ஒரு வார்த்தை கோபமில்லையே! அப்படியே கட்டிக்கொண்டாள். பெட்டி உருண்டு எங்கேயோ போனது.

உள்ளே வந்ததும் அவன் திரையை முறைத்துப் பார்த்தான். "எங்கே உன் ஜோடி?"

"இதோ, அறுபத்து மூணு!"

"வெறும் நம்பரு. இதுக்கா விழுந்து எழுந்து வந்தேன்?"

"இதுக்குத்தான்!" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு இருபது நிமிஷத்துக்கும் 'வெளி வெளிச்சம்' என்று ஒரு கட்டம் உண்டு. அந்த நேரத்துக்கான கட்டத்தில் அவள் எழுதினாள்: "இல்லை. வீட்டுக்காரர் வந்தார்." விஞ்ஞானி படித்துப் பார்த்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.