வருஷத்துக்கு ஒரு வாரம்

எங்க வீட்டுக்காரருக்கு, அவர்கிட்ட கார் ஓட்டக் கத்துக்கிட்டவங்க வச்ச பேரு பிரேக். டிரைவிங் ஸ்கூல் கார்ல பக்கத்து சீட்டுல உட்கார்றவர் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கும்ல, அதுமேல வச்ச காலை இந்த மனுஷன் எடுத்ததே இல்லை. பஸ்ல போனாலும் மிதிப்பார். சோபாவுல உட்கார்ந்து டிவி பார்க்கும்போது படத்துல கார் வேகமா வந்தா தரையை மிதிப்பார். கேஸை மூடினோமான்னு தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவார். தக்காளி வாங்கப் போனா ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிப் பார்ப்பார், கடைக்காரன் "சார், பொண்ணு பார்க்க வந்தீங்களா?"ன்னு கேட்பான். இப்பேர்ப்பட்ட ஆளு தலையிலதான் ஒரு சின்னப் பொண்ணு மிளகாய் அரைச்சுட்டுப் போனா.

நாங்க குடியிருந்தது மூணாம் மாடி. லிஃப்ட் கிடையாது. எனக்கு ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு போச்சு. படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொன்னார், "அப்ப பறந்து போகட்டுமா டாக்டர்?"னு கேட்டேன். அவருக்கு சிரிப்பு வந்துது, எனக்கு வரலை. காய்கறிப் பையோட ஒவ்வொரு மாடிக்கும் நின்னு, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறுவேன். அதே கட்டிடத்துல கீழ்வீடு காலியாகுதுன்னு தெரிஞ்சதும் வீட்டு ஓனர்கிட்ட சொல்லி வச்சோம். பெரிய அட்வான்ஸ் கேட்டார். இவர் வருஷக்கணக்கா சிறுகச் சிறுகச் சேர்த்த காசு பேங்க்ல அதுக்குன்னே கிடந்தது. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சே, வீடு மாறுறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது பிளேன்ல ஏறிப் பார்த்துடலாம்னு டூர் கம்பெனி கூட்டத்தோட வெளிநாடு கிளம்பினோம். புத்தி கெட்டுப் போனோம்னு சொல்றதா, நல்லாத்தான் கிளம்பினோம்னு சொல்றதா, தெரியலை.

அங்க ஒரு பெரிய கடைவீதி. மொழி புரியாத கூட்டத்துல முழிச்சுக்கிட்டு நிக்கிறோம், பின்னாடியிருந்து ஒரு குரல். "அப்பா, நீங்க தமிழா?" திரும்பிப் பார்த்தா இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு, கழுத்துல அடையாள அட்டை, கையில சுரண்டற கார்டு. சுரண்டினோம். ஒரு பை பரிசாம். பக்கத்து ஹோட்டலுக்கு வந்து வாங்கிக்கணுமாம். வர்றவங்க எல்லாருக்கும் அதே பைதான் விழும்னு அப்ப எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஹோட்டல்ல பெரிய ஹால். மேஜைக்கு மேஜை ஒரு ஜோடி, அவங்களுக்கு எதிர்ல பேசறதுக்கு ஒரு ஆளு. யாராவது கையெழுத்துப் போட்டா மணி அடிப்பாங்க, எல்லாரும் கை தட்டணும். நான் நொண்டிக்கிட்டே வர்றதைப் பார்த்துட்டு அந்தப் பொண்ணு ஓடிப்போய் ஒரு ஸ்டூல் கொண்டு வந்து போட்டா. "அம்மா, காலை மேல வச்சுக்கோங்க"ன்னா. சும்மா சொல்லக் கூடாது, சுகமாத்தான் இருந்தது.

அப்புறம் ஆரம்பிச்சா. கடலோரத்துல ஒரு வீடு, அதுல வருஷத்துக்கு ஒரு வாரம் ஆயுசு முழுக்க நமக்குச் சொந்தம். போக முடியலைன்னா வாடகைக்கு விட்டுக்கலாம். வேண்டாம்னா லாபத்துக்கு வித்துக்கலாம்.

"மிச்ச வாரமெல்லாம் யாருக்குச் சொந்தம்?"னு கேட்டேன்.

"மத்தவங்களுக்கும்மா."

"அப்ப என் கரண்டியை அங்க எந்த ஆணியில மாட்டறது?"

அவ சிரிச்சா. என்கிட்ட வேலைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு போல, அதுக்கப்புறம் முழுசா இவர் பக்கம் திரும்பிட்டா. அப்பா, இந்தப் படத்தைப் பாருங்க. அப்பா, ஜூஸ் குடிங்க. இவர் பிரஷர் மாத்திரையை எடுத்தா, தண்ணியை மூடி திறந்து கையில கொடுக்கறா. "தினமும் ஒழுங்கா போடறீங்களா அப்பா? எங்க அப்பா இப்படித்தான் அலட்சியமா இருந்து போய்ச் சேர்ந்துட்டார்."

எங்களுக்குக் குழந்தை இல்லை. நாலு டாக்டர் பார்த்தோம், அப்புறம் பார்க்கறதை விட்டுட்டோம். நான் அழுது தீர்த்துட்டேன். இந்த மனுஷன் அதைப் பத்தி வாயே திறந்ததில்லை. எனக்கென்ன தெரியும், அது உள்ள இப்படிக் காய்ஞ்சு கிடக்குன்னு? அன்னைக்கு மேஜைக்குக் கீழ அவர் காலைப் பார்த்தேன். செருப்பைக் கழட்டிவிட்டுட்டு, கால் மேல கால் போட்டு, ஆட்டிக்கிட்டு இருந்தார். மிதிக்கவே இல்லை. "என்னங்க, கிளம்பலாம்"னு தொடையில கிள்ளினேன். "சும்மா இரு, குழந்தை சொல்லிட்டு இருக்குல்ல"ன்னார். கீழ்வீட்டுக் காசு மொத்தமும் அந்த மேஜையில, கார்டை ஒரு தேய் தேய்ச்சதுல போயிடுச்சு. மணி அடிச்சாங்க. முன்னபின்ன தெரியாதவங்க எல்லாம் எங்களுக்குக் கை தட்டினாங்க.

ஏர்போர்ட்டுக்கு வந்ததும்தான் இவருக்குப் பணம் போனது உறைச்சுது. அவளுக்குப் போன் போட்டார், எடுக்கலை. கொஞ்ச நேரத்துல குரல் மெசேஜ் வந்தது. "அப்பா, எதுக்குக் கவலைப்படறீங்க? நான் இருக்கேன்ல? பிடிக்கலைன்னா ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க, முழுப் பணமும் திரும்ப வந்துடும். பத்திரமா போங்க. மாத்திரை மறந்துடாதீங்க." அதைக் கேட்டுட்டு பிளேன்ல குறட்டை விட்டுத் தூங்கினார். தூக்கம் வராம உட்கார்ந்திருந்தது நான்.

வீட்டுக்கு வந்து மறு வாரமே நான் பிடிச்ச பிடியில "எங்களுக்கு வேண்டாம்மா"ன்னு மெசேஜ் அனுப்பினார். "சரிப்பா, ஆபீஸ்ல பேசிட்டுச் சொல்றேன்"னு பதில் வந்தது. அதோட சரி, கிணத்துல போட்ட கல்லு. கம்பெனிக்குப் போன் பண்ணா ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்து, அப்புறம் பாட்டு. சரி, போய்த் தொலைச்சு ஒரு வாரமாவது தங்கலாம்னு கேட்டா, நாங்க சொல்ற எந்தத் தேதியிலயும் இடமில்லை. பராமரிப்புச் செலவுன்னு பில் மட்டும் தவறாம வந்தது. இதுக்கு நடுவுல எங்கேயோ இருந்து ஒருத்தன் கூப்பிட்டு, "உங்க பணத்தை நாங்க மீட்டுத் தர்றோம், முதல்ல ஃபீஸ் கட்டுங்க"ன்னான். இவர் கார்டைத் தேட எழுந்தார். போனைப் பிடுங்கி அவனை நான் திட்டின திட்டுல பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கீழ்வீட்டுக்கு வேற ஒரு குடும்பம் பால் காய்ச்சிட்டு வந்தாச்சு. நான் தினமும் அவங்க வாசலைத் தாண்டித்தான் படி ஏறணும்.

பேங்க்ல ஒரு மேடம் பொறுமையா எல்லாத்தையும் கேட்டாங்க. "கார்டுல கட்டினதால நாங்க அவங்க பேங்க்கிட்ட கேக்கலாம். ஆனா வேண்டாம்னா பணத்தைத் திருப்பித் தர்றோம்னு அவங்க சொன்னதுக்கு ஆதாரம் வேணும். எழுத்தோ, குரலோ, ஏதாவது இருக்கா சார்? இந்த மாசக் கடைசிக்குள்ள கொடுத்துடணும்."

"ஒண்ணும் இல்லைங்க"ன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. வெளிய வந்ததும் நடுத்தெருன்னுகூடப் பார்க்காம பிடிச்சுக்கிட்டேன். "அந்தக் குரல் போன்லதானே இருக்கு? எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"அவ குரலை வச்சே அவளை மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும். வேலை போயிடும். கம்பெனிக்காரன் அவ சம்பளத்துல பிடிப்பான். அப்பா இல்லாத பொண்ணு. பாவம்."

"ஊரான் வீட்டுப் பொண்ணு பாவம். கட்டினவ முட்டி பாவமில்லை?"

"அவ நம்மளை ஏமாத்தணும்னு பண்ணலை. மேல இருக்கவன் சொல்லிக் கொடுத்ததைப் பேசியிருப்பா. மாத்திரையை ஞாபகப்படுத்தினாளே, அதையுமா சொல்லிக் கொடுத்தான்?"

அன்னையிலிருந்து வீட்டுல பேச்சு இல்லை. தட்டை வைப்பேன், சாப்பிடுவார், எழுந்து போவார். நாள் ஓடிக்கிட்டே இருந்தது. மூணாம் மாடியில ஒரு வாய் பேச ஆளில்லாம நானும் முட்டியும்தான்.

மாசக் கடைசி நெருங்கினப்ப எனக்கு ஒரு யோசனை. இவர் நம்பரைப் பார்த்தா அவ எடுக்கறதில்லை, என் நம்பர் அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் இவர் வேலை முடிஞ்சு வந்து, சாக்ஸைக் கூடக் கழட்டாம உட்கார்ந்திருந்தார். அவர் எதிர்லயே என் போன்ல போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினேன். ரெண்டாவது மணியிலயே எடுத்தா.

"வணக்கம், சொல்லுங்க!"

தேன் மாதிரி குரல். உண்மையைச் சொல்றேன், ஒரு நொடி எனக்கே உள்ள என்னமோ பண்ணிச்சு. சமாளிச்சுக்கிட்டு, "அப்பா பேசணும்ங்கறார்"னேன்.

"அப்பாவா? கொடுங்கம்மா, கொடுங்க!"

போனை அவர் முன்னாடி நீட்டினேன். முகம் அப்படியே மலர்ந்து போச்சு. "நான்தாம்மா பேசறேன்"னார்.

"அப்பா! எப்படி இருக்கீங்க? மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறீங்களா?"

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தியா, நான் சொன்னேன்லன்னு ஒரு பார்வை. "போடறேம்மா. நீ நல்லா இருக்கியா? நேரத்துக்குச் சாப்பிடறியா?"

"இருக்கேன்பா. எத்தனாம் தேதி வர்றீங்க? இந்த மாசம் நல்ல ஆஃபர் ஓடுது." அப்புறம் பக்கத்துல யார்கிட்டயோ என்னமோ சொன்னா, பேப்பர் புரட்டற சத்தம். "அப்பா, தப்பா நினைக்காதீங்க, நீங்க எந்த அப்பா? காலேஜ் வாத்தியார் அப்பாவா, ஹார்டுவேர் கடை அப்பாவா?"

இவர் வலது கால் தரையை ஓங்கி மிதிச்சுது. சாக்ஸோட, அப்படியே அழுத்திக்கிட்டு நின்னுது. "ராங் நம்பர்மா"ன்னு சொல்லிட்டு அவரே கட் பண்ணார்.

நான் ஜெயிச்சுட்டேன்ல? சந்தோஷமா இருந்திருக்கணும். இல்லை. வயிறு எரிஞ்சுது. திருடினவளுக்குத் திருடின வீடாவது ஞாபகம் இருக்க வேண்டாமா? போன்லயே அவளைக் கிழிக்கணும்னு வச்சிருந்த வார்த்தை அத்தனையும் வாய்க்குள்ளயே கசந்து போச்சு. "டீ போடட்டுமா?"ன்னு மட்டும் கேட்டேன். தலையை ஆட்டினார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து டீ குடிச்சோம்.

மறுநாள் காலையில லீவு போட்டுட்டு அவரே பேங்க்குக்குப் போய் அந்தக் குரலைக் கொடுத்துட்டு வந்தார். அங்க அதை நாலு பேர் சுத்தி நின்னு கேட்டாங்களாம். ஒருத்தன் சிரிச்சானாம். இதை மட்டும் என்கிட்ட சொன்னார்.

பணம் வந்தது. ரெண்டு மூணு மாசம் இழுத்தடிச்சு, வெளிநாட்டுக் காசை மாத்தற கூலி அது இதுன்னு கொஞ்சம் கடிச்சுக்கிட்டு, மிச்சம் வந்து சேர்ந்தது. அந்தப் பழைய கீழ்வீடு போனது போனதுதான். அடுத்த தெருவுல ஒரு கீழ்வீடு கிடைச்சுது. பகல்லயும் லைட் போட்டாத்தான் வெளிச்சம், குளியலறைக் கதவு சரியா சாத்தாது, இருந்தாலும் வாசல்ல ஒரே ஒரு படி. முட்டி இப்ப பரவாயில்லை.

இவரும் பழையபடி ஆயிட்டார். கேஸைப் பார்க்கத் திரும்பி வர்றார், தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கறார். போன வாரம் அவர் போன்ல இடமே இல்லை, படம் எதுவும் இறங்கலைன்னார். வாங்கிப் பார்த்தேன். அந்தக் குரல் அப்படியே இருந்தது. "இந்தக் கழுதையை இன்னும் எதுக்கு வச்சிருக்கீங்க? அழிச்சுத் தொலைங்க"ன்னேன்.

போனைக் கையிலிருந்து மெதுவா வாங்கிக்கிட்டார். "இருக்கட்டும். பேங்க்ல மறுபடி கேட்டா?"

பேங்க்ல எதுக்குக் கேக்கப் போறாங்க? பணம்தான் வந்தாச்சே.